நெறி கட்டுதல்: நிணநீர்க் கணு வீக்கமும் அதன் காரணங்களும்

கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ தோலுக்கடியில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டால், ‘நெறி கட்டியிருக்கிறது’ என்கிறோம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு வட்டாரங்களிலிருந்து இதற்காகப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் இரு வகையினர் உண்டு. தொட்டறிந்த அன்றே புற்றுநோய் என முடிவுகட்டி, உறக்கமின்றி வருவோர் ஒரு வகை. ‘வலிக்கவில்லையே’ என்று ஆறு மாதம் பொறுத்திருந்து வருவோர் மற்றொரு வகை. மருத்துவர்களுக்குக் கவலையளிப்பவர்கள் இரண்டாம் வகையினரே.

நெறி என்பது எது?

நமது உடலில் ஏறத்தாழ 600 நிணநீர்க் கணுக்கள் உள்ளன. அவரை விதை வடிவிலான இச்சிறு உறுப்புகள், திசுக்களிலிருந்து இரத்தத்திற்குத் திரும்பும் நிணநீரை வடிகட்டுகின்றன. அதில் வரும் கிருமிகளை வெள்ளணுக்கள் அங்கே எதிர்கொள்கின்றன. அப்போது கணு பருத்து வலிக்கும்.

ஒவ்வொரு கணுக்கூட்டத்திற்கும் ஓர் எல்லை உண்டு. கோரை அறுக்கும்போது பாதத்தில் பட்ட வெட்டு சீழ்பிடித்தால், தொடை இடுக்கில் அரையாப்பு கட்டும். சொத்தைப் பல்லுக்குத் தாடைக்கடியிலும், குழந்தையின் தலையிலுள்ள பேன் புண்ணுக்குப் பிடரியிலும் நெறி கட்டும். கழுத்தைக் காட்ட வந்தவரிடம் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கும், இடுக்கில் வலி என்றவரின் பாதத்தைப் பார்ப்பதற்கும் இதுவே காரணம். மூலப் புண் ஆறினால் நெறியும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மென்மையான, நகரக்கூடிய கணு பொதுவாக இயல்பானதே. தொடை இடுக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் வரையிலும் இருக்கலாம். குழந்தைகளின் கழுத்தில் சிறு கணுக்கள் தட்டுப்படுவது மிகச் சாதாரணம்.

நீடிக்கும் கழுத்து நெறியும் காசநோயும்

நம் நாட்டில் கழுத்து நெறி வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் எண்ண வேண்டியது காசநோய். பலருக்கு இருமல் இராது. மார்பு எக்ஸ்-ரேயும் இயல்பாகவே இருக்கும். அதனால் ‘எனக்கா காசநோய்?’ என்று நோயாளி ஏற்க மறுப்பதுண்டு. கழுத்தைச் சுற்றி மாலைபோல் கட்டிகள் வருவதைக் கண்டே நம் முன்னோர் இதனைக் ‘கண்டமாலை’ என்றனர். கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பின்னர் இளகி, தோல் சிவந்து உடைந்து வடியும். இதனைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று கருதிக் கீறிவிட்டால், புண் ஆறாமல் மாதக்கணக்கில் வடிந்துகொண்டே இருக்கக்கூடும்.

மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாயின் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முற்றிலும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்து உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பர் முதல் இது மாதம் 1,000 ரூபாய்.

ஒன்றை முன்னரே அறிந்துகொள்ளுங்கள். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ கட்டி பெரிதாகலாம்; புதிதாக ஒன்றும் தோன்றலாம். பெரும்பாலும் இது மடிந்த கிருமிகளுக்கு எதிரான உடலின் எதிர்வினை. மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை முடிந்த பின்னரும் சிறு கணு எஞ்சியிருப்பதுண்டு.

நெறியில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றாது. தட்டையும் குவளையையும் தனியே வைக்கத் தேவையில்லை. எனினும் வீட்டில் வேறெவருக்கேனும் நுரையீரல் காசநோய் இருந்து, அவரிடமிருந்து இந்நோய் வந்திருக்கலாம். ஆகவே குடும்பத்தினர் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் கணுவை அடையும்போது

உடலின் வேறோர் இடத்தில் தோன்றிய புற்று, நிணநீர் வழியே வந்து கணுவில் தங்கக்கூடும். புகையிலையும் பாக்கும் மென்று கன்னத்திலோ நாக்கிலோ புண் வந்தவருக்கு அது கழுத்துக்கு வரும். மார்பகப் புற்று அக்குளுக்கு வரும். இத்தகைய கணு பெரும்பாலும் வலிக்காது. கல்போல் இறுகி, நகராமல் இருக்கும். காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் தட்டுப்படும் கணு சிறிதாயினும் அலட்சியம் செய்யக்கூடாது. இடப்புறக் குழியில் வருவது இரைப்பைப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

‘வாயில்தானே புண், கழுத்தில் கட்டியே இல்லையே, கழுத்தை ஏன் அறுக்க வேண்டும்?’ என்பது உறவினர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2015இல் இதற்கு விடை தந்தது. தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயாளிகளில் ஒரு சாராருக்குக் கழுத்துக் கணுக்களும் உடனே அகற்றப்பட்டன. மறு சாராருக்குக் கட்டி தோன்றிய பின்னரே அகற்றப்பட்டன. மூன்று ஆண்டுகளில் உயிருடன் இருந்தோர் முதற்சாராரில் 80 விழுக்காடு, மறுசாராரில் 67.5 விழுக்காடு. கைக்குத் தட்டுப்படாத அளவிலும் புற்று கணுவில் ஒளிந்திருக்கும் என்பதே இதன் பொருள்.

கணுவிலேயே தொடங்கும் புற்று ‘லிம்போமா’. ரப்பர் போன்ற, வலியற்ற கட்டிகளுடன் காய்ச்சல், ஆடை நனையும் இரவு வியர்வை, காரணமற்ற எடை இழப்பு ஆகியவை வரலாம். பெயர் அச்சமூட்டினாலும், இதன் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமாவைப் பெரும்பாலானோருக்கு முற்றிலும் குணப்படுத்த முடிகிறது.

சோதனை முதலில், மாத்திரை பின்னர்

காசநோயா, லிம்போமாவா, பரவி வந்த புற்றா என்பதைத் தொட்டுப்பார்த்து உறுதிசெய்ய இயலாது. அனுபவம் மிக்க கைகளும் ஏமாறும். மெல்லிய ஊசியால் சிறிது திசுவை உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ‘ஊசி குத்தினால் புற்று பரவும்’ என்ற அச்சத்தால் இதை மறுப்போர் இன்றும் உளர். அந்த அச்சத்திற்கு அடிப்படை இல்லை. சோதனையைத் தள்ளிப்போடுவதே உண்மையான ஆபத்து. எடுத்த திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்க் கிருமிக்கான ட்ரூநாட் அல்லது சிபிநாட் சோதனைக்கும் அனுப்புமாறு கேளுங்கள். விடை தெளிவாகவில்லையெனில், குறிப்பாக லிம்போமா ஐயம் இருப்பின், கணுவை முழுமையாக எடுத்துப் பார்ப்பார்கள். எச்.ஐ.வி. சோதனையும் சொல்லப்பட்டால் தயங்க வேண்டாம். அதுவும் நெறி கட்டுவதற்குக் காரணமாகலாம்.

சோதனைக்கு முன் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உண்ணாதீர்கள். லிம்போமா கட்டி அதனால் தற்காலிகமாகச் சுருங்கும். சோதனையில் நோய் புலப்படாமலும் போகும். சூடு போடுதல், பச்சிலை கட்டுதல், அழுத்தித் தேய்த்தல் ஆகியவற்றையும் தவிர்க்கவும்.

எப்போது செல்ல வேண்டும்?

சளி, பல்வலி, காயம் ஆகியவற்றுடன் வந்த வலியுள்ள நெறியாயின், அதற்கான சிகிச்சையுடன் இரண்டு முதல் நான்கு வாரம் பொறுக்கலாம். அதற்குப் பின்னும் குறையாவிட்டால் செல்ல வேண்டும். இறுகிய கட்டி, காறைக் குழிக் கட்டி, ஆறாத வாய்ப்புண், குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், மார்பகக் கட்டி இவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புற்றுநோய் உறுதியானால், வந்தவாசி வட்டாரத்தினர் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். செல்லும்போது ஊசிச் சோதனை அறிக்கையுடன், ஆய்வகத்திலிருந்து கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கே அவற்றை மறுபடி பார்க்கக் கூடும். ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.