சாய ஆலையும் ரப்பர் ஆலையும்

பீட்டா-நாஃப்தைலமின் என்ற வேதிப்பொருள் பிரிட்டனில் சாய ஆலை, ரப்பர் ஆலை என இரு வகைத் தொழிலாளர்களைத் தாக்கியது. அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கல்லீரல் அதை மாற்றும். சிறுநீரகம் வடிகட்டி அனுப்பும். வெளியேறும்வரை சிறுநீர் தேங்கி நிற்கும் இடம் சிறுநீர்ப்பை. அதனால் அதன் உட்சுவரில்தான் புற்று வைக்கும், பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து. இதுவரை சாய ஆலைக்காரருக்கும் ரப்பர் ஆலைக்காரருக்கும் வேறுபாடு இல்லை.

சாய ஆலையில் நஞ்சின் அளவு மிகக் கொடியது. அதைக் கையாண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வரும் ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வாளர் ராபர்ட் கேஸ் 1954-ல் வெளியான தம் ஆய்வில் பதிவு செய்தார். ஆனால் அங்கே ஆபத்துக்கு ஒரு பெயர் இருந்தது. 1895-லேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், மெஜந்தா சாயம் தயாரித்தவர்களிடம் இந்த நோயைக் கண்டு சொல்லியிருந்தார். 1921-ல் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் தனி அறிக்கையே வெளியிட்டது. 1938-ல் வில்ஹெல்ம் ஹூப்பர் நாய்களிடம் அதே புற்றை உண்டாக்கிக் காட்டினார். இத்தனைக்குப் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது என்பது மன்னிக்க முடியாதது. ஆனாலும் சிறுநீரில் ரத்தம் கண்டால் எங்கே சந்தேகிக்க வேண்டும் என்பதாவது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ரப்பர் ஆலைக்கு அந்த நஞ்சு வந்தது அந்தப் பெயரோடு அல்ல. ரப்பர் சீக்கிரம் வெடித்துப் போகாமல் இருக்கச் சேர்க்கும் 'நோனாக்ஸ் எஸ்' என்ற பொருளில் அது மாசாகக் கலந்திருந்தது. டயருக்கு ரப்பர் அரைத்தவர், தாம் சாயத் தொழிலாளியின் நோயைச் சுவாசிக்கிறோம் என்று எப்படி அறிவார்? அளவு குறைவுதான். ஆனாலும் எனக்கு இவர் நிலைதான் கூடுதல் அநீதியாகப் படுகிறது. வலியில்லாமல் ஒருநாள் ரத்தம் போய் நின்றுவிடுகிற நோய் இது. காரணம் தெரியாதவர் அதை உடல் சூடு என்று விட்டுவிடுவார். தெரிந்தவர் பரிசோதனைக்குப் போவார், கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபடும்.

நோனாக்ஸ் எஸ்-ஐத் தயாரித்த ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் 1949-ல் அதை நிறுத்தியது. அதற்குமுன் அதைக் கையாண்டவர்களின் உடலில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது; அவர்களைத் தேடிச் சோதிப்பது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. டயர் நிறுவனமான டன்லப்பின் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தயாரித்த நிறுவனமும் வேலை கொடுத்த நிறுவனமும் பொறுப்பு என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1972-ல் தீர்ப்பளித்தது.