காஞ்சிக்கு வந்த இருப்புப்பாதை

கோயிலாலும் பட்டாலும் புகழ்பெற்ற காஞ்சி மாநகரின் வரலாற்றில் அதன் சிறிய புகைவண்டி நிலையத்திற்கும் ஓர் இடம் உண்டு. தென்னகத்தின் முதல் புகைவண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. ஒன்பதே ஆண்டுகளில், 1865இல், இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு இருப்புப்பாதை அமைத்தது. பெருநகரங்கள் பல காத்திருந்த காலத்தில் காஞ்சி பெற்ற பேறு அது.

ஆயினும் அப்பாதையின் அகலம் மூன்றரை அடி. சென்னைப் பாதையின் அகலமோ ஐந்தரை அடி. செலவைச் சுருக்கக் கருதிய அச்சிக்கனம் பயணியரை அரக்கோணத்தில் வண்டி மாறச் செய்தது. சரக்கை இறக்கி ஏற்றச் செய்தது. பட்டு நூலையும் சரிகையையும் வெளியூர்களிலிருந்து பெற்று, நெய்த புடவையை வெளியூர்களுக்கு அனுப்பும் நகருக்கு அது சிறிய இடர் அன்று.

அந்நிறுவனம் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் மாறி, 1874இல் தென்னிந்திய ரயில்வேயில் இணைந்தது. 1878இல் பாதை மீட்டர் அகலத்திற்கு மாறியது. பின்னர் செங்கல்பட்டு வரை நீண்டது. தெற்கே வழி திறந்தது. அரக்கோணத்துத் தடை மட்டும் நீங்கவில்லை. நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து வந்த அகலப்பாதையே அதனை நீக்கியது.

இன்று சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியே மின்தொடர் வண்டிகள் காஞ்சிக்கு வருகின்றன. 2019இல் வட்டப்பாதை வண்டி காஞ்சி, அரக்கோணம் வழியே சென்னையைச் சுற்றி வந்தது. இடையில் இருந்த இரண்டடி வேறுபாட்டைக் கடக்க ஒரு நகருக்கு இத்தனை காலம் ஆயிற்று.