ஏரி காத்த ஊரும் மழைநீர் விதிகளும்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு மாலை, அம்பத்தூரில் புதிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தின் எதிரே மழைக்கு ஒதுங்கி நின்றேன். அரை மணி நேரமே பெய்த மழை. மனையின் ஓரத்தில் குவித்திருந்த மண் கரைந்தது. கலவை இயந்திரத்தைக் கழுவிய சாம்பல் நிற நீரும் அதனோடு சேர்ந்தது. இரண்டும் தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்கின. அருகில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர், “ஐயா, இந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது?” என்று வினவினார். “இல்லை தம்பி, ஏரிக்குப் போகிறது” என்றேன். அப்போது அவர் முகத்தில் தோன்றிய வியப்பே இன்றைய என் பேச்சுக்கு வித்து.

மாணவ நண்பர்களே! அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. தொண்டை நாட்டில் வற்றாத பேராறு கிடையாது. ஆண்டில் சில வாரங்கள் கொட்டும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தே அங்கு உழவு நடந்தது. ஆகவே நம் முன்னோர் சரிவான நிலத்தின் குறுக்கே கரை எழுப்பி, ஏரிகளைத் தொடராக அமைத்தனர். மேலேரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே மிகுநீர் கீழேரிக்குச் செல்லும். அம்பத்தூர் ஏரியும் கொரட்டூர் ஏரியும் இத்தகைய தொடரில் அமைந்தவையே. பூந்தமல்லிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும்.

ஏரியைக் கட்டுவது எளிது, காப்பதே அரிது. ஏரிக்கு முதற்பகை வண்டல். ஒவ்வொரு மழையும் மேட்டு மண்ணை அரித்துக் கொண்டுவந்து ஏரியின் வயிற்றில் இடும். ஓராண்டு தூர் வாராவிட்டால் ஒன்றும் தெரியாது. ஐம்பது ஆண்டு வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும். முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைக் கூறுவதை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஏரியைப் பேணுவது ஊராட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்றாக இருந்தது.

பிற்காலத்தில் இக்கடமை குடிமராமத்து என்னும் பெயரால் வழங்கிற்று. கோடையில் ஊரார் ஒன்றுகூடி வரத்துக் கால்வாயை வெட்டிச் செப்பனிடுவர், கரையை உயர்த்துவர், வாரிய வண்டலைத் தத்தம் வயலுக்கு எருவாக எடுத்துச் செல்வர். இவ்வழக்கம் தளர்வதைக் கண்ட சென்னை மாகாண ஆட்சி, 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதனை நிலைநிறுத்த முயன்றது. எனினும், ஊரார் மனம் உவந்து செய்துவந்ததைச் சட்டத்தின் அச்சத்தால் மீண்டும் செய்விக்க இயலவில்லை.

நிற்க. விடுதலைக்குப் பின் இப்பகுதியின் முகமே மாறிற்று. 1955-இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தை நாட்டின் குறிக்கோளாக அறிவித்தது. 1961-இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிற்று. பல்லாயிரவர் வேலை பெற்றனர். வேலைக்கு வந்தவர்க்கு வீடு வேண்டுமன்றோ? வயல்கள் மனைகளாயின. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஏரிநீர் பாயும் நிலத்தை ஆயக்கட்டு என்பர். ஆயக்கட்டு உள்ளவரை ஏரியில் மண் விழுந்தால் பதறுவதற்கு ஓர் உழவர் கூட்டம் இருந்தது. ஆயக்கட்டு மறைந்தபோது, ஏரி நிலைத்தது. ஆனால் அதன் காவலர் மறைந்தனர்.

வயல் போய் வீதி வந்ததால் நீரின் இயல்பும் மாறிற்று. மண்ணில் ஊறிச் சென்ற மழை, தார்ச்சாலையிலும் கூரையிலும் விழுந்து விரைந்து ஓடலாயிற்று. கட்டட வேலை நடக்கும் இடத்தில் புல் பூண்டு களையப்படுவதால் மண் எளிதில் கரைகிறது. அது வடிகாலை அடைக்கிறது; ஏரியைக் கலக்கி, கதிரொளி புகாமல் செய்து, நீர்த்தாவரங்களை மாய்க்கிறது. சிமென்ட் கழுவிய நீரோ காரத்தன்மை மிக்கது. மீனின் செவுளைப் புண்ணாக்கும். மழைநீர் வடிகாலில் செல்வது எங்கும் சுத்திகரிக்கப்படுவதில்லை என்பதே இதில் கொடுமை.

மேலைநாட்டாரும் இதனைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர். அமெரிக்காவில் 1972-இல் வந்த தூயநீர்ச் சட்டம் முதலில் ஆலைக் குழாய்களையும் சாக்கடைக் குழாய்களையுமே பெரிதும் நோக்கிற்று. 1987-ஆம் ஆண்டுத் திருத்தமே மழைநீரைச் சட்டத்தின் வரம்புக்குள் தெளிவாகக் கொணர்ந்தது. 1990-இல் ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கட்டட இடங்களுக்கும், 1999-இல் ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கருக்குக் குறைவான சிறிய இடங்களுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. மண்ணைத் தடுக்கத் துணிவேலி, வண்டல் படியக் குழி, கலவைநீர் கழுவத் தனித்தொட்டி, வண்டிச் சக்கரத்தின் சேறு உதிரச் சரளை வழி ஆகியவையே அவ்விதிகள் வேண்டுவன. இவற்றுள் நம் கொத்தனார் செய்ய இயலாதது எதுவுமில்லை.

நம் நாட்டில் இக்கடமைகள் பல விதிகளில் சிதறிக் கிடக்கின்றன. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடுத்தது. 2003-இல் தமிழகத்தில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்கள் சுற்றுச்சூழல் அனுமதியை முன்னதாகப் பெற வேண்டும் என்றது. 2007-இல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றத் தனிச் சட்டம் வந்தது. கட்டட இடிபாடுகளை வடிகாலுக்குத் தடையாகக் கொட்டலாகாது என 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறின. ஏட்டில் குறைவில்லை.

ஆயினும் 2015 டிசம்பரில் நேர்ந்ததை நாம் மறத்தல் ஆகாது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது, அடையாற்றங்கரை வெள்ளக்காடாயிற்று. பெருமழை இயற்கையின் செயல். கால்வாய்கள் குறுகியதும் தூர்ந்ததும் நம் செயல். கொரட்டூர் மக்கள் தங்கள் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். இவர்களுக்கு அங்கே ஆயக்கட்டு இல்லை. ஆயினும் ஏரியைத் தமதெனக் கொண்டனர். மறைந்துபோன ஏரி வாரியம் இவ்வாறுதான் மீண்டும் பிறக்கும் என்று நான் நம்புகிறேன்.

அன்று என்னோடு மழையில் நின்ற மாணவர், மழை விட்டதும் வீதியைக் கடந்து சென்று மேற்பார்வையாளரிடம் ஏதோ கூறினார். நான்கு மணல்மூட்டைகள் வடிகால் வாயின் முன் அடுக்கப்பட்டதைக் கண்டேன். கலங்கல் நீர் சற்றே தேங்கி, தெளிந்து இறங்கிற்று. ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர். ஆனால் வடத்தை முதலில் தொடுவதற்கு ஒரு கை போதும். அக்கை உங்களுடையதாக இருக்கட்டும்.