திறந்தே நின்ற வாயில்

காஞ்சியில் வைகாசிக் கருட சேவையைக் காண வெளியூர்க் கூட்டம் வந்து குவிவதை நாம் அறிவோம். நூறாண்டுகட்கு முன் அத்தகைய கூட்டங்களோடு வாந்திபேதி அச்சமும் வந்தது. காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் உடல்நீர் வற்றி மடிவார். அம்மனின் சீற்றம் என்றனர் ஊரார். யாத்திரிகர்களைப் பழித்தனர் ஆங்கில அதிகாரிகள். நோயின் சூட்சுமமோ குடலின் உயிரணுச் சவ்வில் ஒளிந்திருந்தது.

உயிரணுச் சவ்வுகளில் நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. மின்னூட்டம் பெற்ற அணுக்களாகிய அயனிகள் அவற்றின் வழியே போய்வருகின்றன. இதயம் துடிப்பதும் நரம்பு பேசுவதும் இவ்வாயில்கள் உரிய நேரத்தில் திறந்து மூடுவதால்தான். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு, குடலின் குளோரைடு வாயிலை மூடவிடாமல் செய்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் அதைத் தொடர்ந்து வெள்ளமாய்ப் பாய்கின்றன. (அதே வாயில் பிறவியிலேயே பழுதுற்றுத் திறவாதிருப்பின், நுரையீரலில் சளி இறுகும் வேறொரு நோய், அதன் மரபணு 1989இல் கண்டறியப்பட்டது.)

1884இல் கல்கத்தாவில் கிருமியை உறுதிசெய்த இராபர்ட் கோக்கை உலகம் கொண்டாடியது. அதே நகரில் 1959இல், கிருமி நீக்கிய வடிநீரே முயலின் குடலை நீரால் நிரப்புவதைக் காட்டி, நஞ்சின் இருப்பை மெய்ப்பித்த சம்புநாத் தே 1985இல் மறையும்வரை நம் நாட்டு அறிவியற் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. இது நமக்குப் பெருமை தருவதன்று.

திறந்த வாயிலை அடைக்க அன்று மருந்தில்லை. ஆனால் பக்கத்திலேயே நஞ்சு தீண்டாத இன்னொரு வழி இருந்தது. குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே குடலுக்குள் நுழைகின்றன என்று 1960இல் இராபர்ட் கிரேன் விளக்கினார். நீரும் உடன் செல்லும். 1971இல் வங்க அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, திலீப் மகலனபிஸ் லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு ஏறத்தாழ நான்காயிற்று.

நோய் அத்துடன் ஓயவில்லை. 1992இல் சென்னையில் புதிய வகைக் கிருமியொன்று தலைகாட்டியது. 2000இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், எளிதிற் செரிக்காத சோள மாவுச்சத்தை அக்கரைசலில் சேர்த்தால் பேதி விரைவில் தணிவதைக் காட்டினர். அது பெருங்குடல்வரை சென்று புளித்து, அங்கும் உப்பும் நீரும் உறிஞ்சப்பட உதவுகிறது. பாவுக்கு அரிசிக் கஞ்சி தோய்க்கும் காஞ்சி நெசவாளர் வீடுகளில், நோயாளிக்கும் உப்பிட்ட கஞ்சியைத்தான் முதலில் ஆற்றிக் கொடுப்பார்கள்.