ஆமை புகுந்த வீடு

போன மாதக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மேல் மாடிப் பையன் ஒருவன் வந்து, "அங்கிள், ஆமை வளர்க்க அசோசியேஷன் பர்மிஷன் வேணுமா?" என்றான். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் பாட்டி, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று முடித்துவிட்டார்.

அமீனா என்பவர் ஜப்திக்கு வரும் கோர்ட்டு ஊழியர். நட்சத்திர ஆமை விஷயத்தில் இன்று ஆமைக்குப் பின்னாலேயே அமீனாவும் வருவார் என்பதுதான் வேடிக்கை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் விரியும் இந்த ஆமை, தமிழகச் சமவெளியின் வறண்ட புதர்க்காட்டு உயிர். அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருந்தவர்கள் உண்டு. வெளிநாட்டு மோகம் அதற்கு எமனானது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளில் அடைத்த ஆமைகள் பிடிபட்ட செய்திகளைப் பலமுறை படித்திருப்போம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, தென்னிந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து ஆண்டுக்கு 55,000 ஆமைகளாவது பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை போட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றியது. வீட்டில் வைத்திருந்தால் ஜெயில்தான். "சின்ன வயசிலிருந்து இருக்கு சார்" என்பதெல்லாம் எடுபடாது.

சரி, வெளிநாட்டு ஆமை? கடையில் உள்ளங்கையளவு இருக்கும் ஆப்பிரிக்க சுல்காட்டா 40 கிலோவைத் தாண்டும், குழி தோண்டும். அதற்கும் பரிவேஷ் தளத்தில் பதிவு வேண்டும். கண்ணோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி நீராமையோ நோய்க்கிருமி சுமக்கக்கூடியது. சால்மொனெல்லா பயத்தால் அமெரிக்காவே 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டிகளின் விற்பனையைத் தடை செய்தது.

இன்னொன்று, நம் குளிர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஆமைக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வறண்ட நிலத்து ஆமைக்கு நாள்தோறும் சுமார் 30 டிகிரி வெயிலிடம் வேண்டும். ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் அதற்குச் சளிக்காய்ச்சல்தான். புறஊதா விளக்கு, காய்ந்த புல், உலர்ந்த தரை, நடக்க இடம் எல்லாம் வேண்டும். பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி போதாது.

எல்லாவற்றையும் விட ஆயுள்தான் யோசிக்க வைக்கிறது. கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் அத்வைதா என்றொரு அல்டாப்ரா ராட்சத ஆமை இருந்தது. ராபர்ட் கிளைவ் வீட்டில் வளர்ந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. கிளைவ் 1767இல் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆமை 1870களில் அலிப்பூர் வந்து, 2006 மார்ச்சில்தான் இறந்தது. பேச்சு பாதி உண்மையானாலும், வளர்த்தவர் போன பிறகு எத்தனை பேர் கைமாறி அதற்குத் தீனி போட்டிருக்க வேண்டும்!

இதைச் சொன்னதும் பையன், "அப்போ எனக்கப்புறம் யார் பார்ப்பாங்க?" என்றான். பாட்டி அவனை முறைத்தார். அசோசியேஷன் பர்மிஷன் பேச்சு அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை. உங்களில் யாரிடமாவது சிவப்புக் கோட்டு நீராமை ஏற்கெனவே இருந்தால், அலுத்துப்போய் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.