தற்காப்புத் தோட்டாவின் ஆயுள்: நாட்காட்டியும் கையாளுதலும்

தற்காப்புக்காக நாள்தோறும் இடுப்பில் ஏந்தப்படும் கைத்துப்பாக்கியின் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் பரவலாக வழங்கும் விதி. ஆறு மாதத்துக்கு மேல் நம்பக்கூடாது என்பாரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பொறுக்கலாம் என்பாரும் உண்டு. அங்குள்ள காவல் துறைகள் பல, ஆண்டுதோறும் நடத்தும் சுடுதிறன் தேர்வில் பழைய பணித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்கச் செய்து புதியவற்றை வழங்குகின்றன. குடிமக்களின் விதியும் இந்த நடைமுறையை ஒட்டியதே. ஆனால் காவல் துறையின் கணக்கு நிர்வாகக் கணக்கு. தோட்டாவின் உடலில் ஓராண்டில் என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்ந்து வகுத்ததன்று. தோட்டா எதனால் கெடுகிறது என்று ஒவ்வொரு காரணமாகப் பார்த்தால், காலம் அவற்றுள் மிக மெலிந்த காரணம் என்பது புலப்படும். தோட்டா எத்தனை நாள் இருந்தது என்பதைவிட, அந்த நாட்களில் அதற்கு என்ன செய்யப்பட்டது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தோட்டா நான்கு உறுப்புகள் கொண்டது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த தீமூட்டியான பிரைமர், உள்ளே உந்துமருந்து, வாயில் செருகிய குண்டு. இவற்றுள் வேதியியல் முறையில் முதுமை அடையக்கூடியது முதன்மையாக மருந்துதான். பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1884-இல் புகையில்லா மருந்தை உருவாக்கியது முதல், அதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது இயல்பாகவே நிலையற்றது. மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடும். அந்த ஆக்சைடுகள் மேலும் சிதைவைத் தூண்டும். இந்தச் சுழல் கட்டுக்கடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்சின் தூலோன் துறைமுகம் சான்று. 1907 மார்ச் 12-இல் இயேனா, 1911 செப்டம்பர் 25-இல் லிபெர்தே என்ற இரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அங்கே வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்டுப்போன மருந்தே பழியேற்றது. அதன்பின் டைஃபினைலமீன் போன்ற நிலைப்படுத்திகள் மருந்தில் இன்றியமையாதவை ஆயின. சிதைவில் பிறக்கும் ஆக்சைடுகளை இவை உடனுக்குடன் பிடித்துக்கொள்வதால் சுழல் தொடங்குவதே இல்லை. நிலைப்படுத்தி தீரும்வரை மருந்துக்குக் கேடில்லை. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் அது தீரப் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தகரப் பெட்டியில் அடைத்து மூடிய சோவியத் துப்பாக்கித் தோட்டாக்கள், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சுடுகளங்களில் வெடித்திருக்கின்றன.

ஆகவே பெட்டியில் உறங்கும் தோட்டாவை ஓராண்டில் மாற்றச் சொல்வதற்கு வேதியியல் துணை நிற்பதில்லை. ஆனால் ஏந்தப்படும் தோட்டா பெட்டியில் உறங்குவதில்லை என்பதே இங்கு முக்கியம். அது உடற்சூட்டிலும் வியர்வையிலும் மழையிலும் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கிறது. வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போதெல்லாம் நைட்ரோசெல்லுலோஸ் சிதையும் வேகம் பல மடங்காகிறது. வெயில் மிகுந்த அரிசோனாவில் காரின் கையுறைப் பெட்டியில் ஆண்டு முழுவதும் விடப்படும் தோட்டாவின் நிலைப்படுத்தி, அலமாரியில் இருப்பதைவிட விரைவாகவே செலவாகும். அப்போதும் ஓரிரு கோடையில் மருந்து செத்துப்போகும் என்று அஞ்சுவது மிகை. இடுப்பில் இருப்பதற்கு இந்தக் கவலையே தேவையில்லை, ஏனெனில் மனித உடலின் சூடு மருந்துக்கு ஒரு பொருட்டன்று.

வியர்வை தாக்குவது மருந்தை அன்று, கூட்டை. உப்பும் ஈரமும் பித்தளையில் களிம்பு பிடிக்கச் செய்யும். தற்காப்புத் தோட்டாக்களின் கூடுகளுக்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் நிக்கல் பூசுவது இதனால்தான். வழுவழுப்பான நிக்கல், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் எளிதாக நுழையும் என்பது கூடுதல் பயன். தோலும் பித்தளைக்குப் பகை. பதனிட்ட தோலில் எஞ்சியிருக்கும் அமிலங்கள் தோட்டாவின் மேல் பச்சைக் களிம்பை வளர்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் படை தோல் கச்சையை விட்டு, ஆன்சன் மில்ஸ் உருவாக்கிய நெய்த துணிக் கச்சைக்கு மாறியதற்கு இந்தக் களிம்பும் ஒரு காரணம். இன்றும் தோல் கச்சையின் வளையங்களில் மாதக்கணக்கில் செருகி வைக்கும் தோட்டாக்களைத் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பித்தளைக்கு நேர்ந்த மிக விசித்திரமான கேடு இந்தியாவிலிருந்து பதிவானது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில், யாரும் தொடாமலேயே, கழுத்துப் பகுதியில் பிளந்தன. குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்தவற்றில் இது மிகுதியாகத் தெரிந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றின் துணையோடு, கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கத்தைப் பயன்படுத்தி அதைப் பிளக்கிறது என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. கூடுகளைச் சூடேற்றி இறுக்கம் தளர்த்துவது தீர்வாயிற்று. லாயங்கள் போய்விட்டன, அம்மோனியா போகவில்லை. பித்தளை மெருகூட்டும் கலவைகளிலும், துப்பாக்கிக் குழலில் படியும் செம்பை அகற்றும் திரவங்கள் சிலவற்றிலும் அது இருக்கிறது. தோட்டாவைப் பளபளப்பாக்கத் துடைக்கும் நல்லெண்ணம் தீங்காக முடிவது இப்படித்தான். உலர்ந்த துணிக்கு மேல் எதுவும் தேவையில்லை.

எண்ணெயும் இந்த வரிசையில் சேரும். பிரைமர் என்பது சிறு உலோகக் கிண்ணத்தில் அழுத்திய தூண்டு கலவை; இன்று பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்டது. ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெய் பிரைமரின் விளிம்புவழி கசிந்து இக்கலவையை நனைத்தால் அது வெடிக்காமல் போகலாம். தற்காப்புத் தோட்டாக்களில் அவ்விளிம்பை அரக்கு போன்ற பூச்சால் அடைப்பது வழக்கம். ஆயினும் எண்ணெய் சொட்டச் சொட்டத் துடைத்த துப்பாக்கியில் தோட்டாவை நிரப்பி மாதக்கணக்கில் விடுவோருக்கு அந்தப் பூச்சு முழுக் காப்பாகாது.

இவை அனைத்தும் மெல்ல நிகழ்பவை. விரைந்து நிகழ்வது மற்றொன்று. நாட்காட்டி விதி கவனிக்கத் தவறுவதும் அதையே. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிய மேகசினிலிருந்து ஒரு தோட்டா சேம்பருக்குள் ஏறும்போது, முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியான ஸ்லைடு சுருள்வில்லின் முழு விசையோடு அதைப் பின்னிருந்து தள்ளுகிறது. குண்டின் மூக்கு ஏற்றச் சரிவில் மோதித் திசைமாறி உள்ளே நுழைகிறது. துப்பாக்கியைக் காலி செய்து, வெளியே வந்த அதே தோட்டாவை மீண்டும் ஏற்றினால் அதே மோதல் இரண்டாம் முறை. ஒவ்வொரு மோதலும் குண்டைக் கூட்டுக்குள் சற்றே பின்னோக்கித் தள்ளப் பார்க்கிறது.

இதைத் தடுக்கும் பிடிப்பு ஏன் போதாமல் போகிறது என்பது தோட்டாவின் அமைப்பில் உள்ளது. 9 மி.மீ., .40, .45 ஏசிபி போன்ற தோட்டாக்கள் சேம்பரில் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கூட்டின் வாய் விளிம்பே தீர்மானிக்கிறது. எனவே அவ்விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்துப் பூட்ட வழியில்லை. கூட்டின் சுவர் குண்டை இறுகப் பற்றும் பிடியை நம்பியே அது நிற்கிறது. குண்டு உள்ளே சென்றால் மருந்துக்கான இடம் சுருங்கும். அழுத்தம் கூடக்கூட மருந்து இன்னும் வேகமாக எரியும் என்பதால், இடம் சிறிது குறைந்தாலும் அழுத்தம் அந்த அளவோடு நிற்பதில்லை. 9 மி.மீ. லூகருக்கும் .40-க்கும் அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. குண்டு கண்ணுக்குத் தெரியும் அளவு உள்வாங்கிய தோட்டா இந்த எல்லையைத் தாண்டக்கூடும். அப்போது கூடு வெடித்துத் துப்பாக்கியும் கையும் சேதமாகலாம். தற்காப்புத் தோட்டா வெடிக்காமல் போவதைப் பற்றியே பலரும் கவலைப்படுகின்றனர். அளவுக்கு மீறி வெடிப்பதும் அதே பட்டியலில் இருக்க வேண்டியது.

வெடிக்காமல் போவதும், ஒரே தோட்டாவை மீண்டும் மீண்டும் ஏற்றும் இதே பழக்கத்தால் நேர்ந்ததுண்டு. 2011-இல் ஜார்ஜியா மாநில மாவட்டக் காவல் துறை ஒன்றில், உயிருக்கு ஆபத்தான தருணத்தில் ஒரு காவலரின் துப்பாக்கி சுடவில்லை. அவர் உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டார். பின்னர், சுடாத அந்தத் தோட்டாவைப் பரிசோதித்தபோது பிரைமர் மீது அடி முழுமையாக விழுந்திருந்தது தெரிந்தது; ஆனால் பிரைமருக்குள் இருக்க வேண்டிய கலவை உதிர்ந்துபோயிருந்தது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்ததால் அவர் அன்றாடம் துப்பாக்கியைக் காலி செய்து, மறுநாள் பணிக்குமுன் மீண்டும் நிரப்பி வந்தார். மேகசினின் மேலே இருந்த அதே இரு தோட்டாக்கள் மாறி மாறி ஏறி இறங்கின. அவ்வாண்டுத் தொடக்கத்தில் தோட்டாக்கள் வழங்கப்பட்டதிலிருந்து அவை நூறு முறை வரை ஏறியிருக்கும் என்று துறை மதிப்பிட்டது. ஆண்டு விதி இங்கே கடைப்பிடிக்கப்பட்டே வந்தது என்பது கவனத்துக்குரியது. கெடு வருவதற்கு முன்பே தோட்டா செத்துவிட்டது.

இந்த நிகழ்வு நாட்காட்டி விதியின் குறையை வேறு எந்த வாதத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. நாள்தோறும் காலி செய்பவரின் முதல் தோட்டா ஓராண்டில் நூற்றுக்கணக்கான முறை மோதலுக்கு உள்ளாகிறது. மாதம் ஒருமுறை துப்புரவுக்காக மட்டும் இறக்குபவரின் தோட்டாவுக்குப் பன்னிரண்டு மோதல்கள்தாம். இருவருக்கும் ஒரே கெடு வைப்பது பொருளற்றது. எண்ண வேண்டியது ஏற்றங்களை. ஓரிரு முறை ஏறிய தோட்டாவைத் தனியே வைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதே பலரும் கொள்ளும் பாதுகாப்பான வழக்கம். ஏறிய தோட்டாவை மேகசினின் அடிக்குத் தள்ளி முறைவைத்துச் சுழற்றுவது மோதலைப் பல தோட்டாக்களுக்குப் பங்கிடும், மொத்தத்தைக் குறைக்காது. மொத்தத்தைக் குறைக்கும் வழி, தேவையின்றிக் காலி செய்யாமல், நிரப்பிய துப்பாக்கியை உறையோடு பூட்டிய பெட்டியில் வைப்பதுதான். தவறுதலாகச் சுட்டுவிடும் விபத்துகள் நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் நேர்வதால், கைபடும் தருணங்களைக் குறைப்பதில் இரட்டைப் பயன் உண்டு.

குண்டு உள்வாங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அதே தொகுதியின் ஏற்றப்படாத தோட்டாவைப் பக்கத்தில் சமதளத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் போதும். 9 மி.மீ. லூகரின் முழு நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. என்ற தர அளவை மட்டும் வைத்து முடிவுகட்டுவது பிழையாகலாம். குழிமூக்குக் குண்டு கொண்ட தற்காப்புத் தோட்டாக்கள் ஆலையிலிருந்தே அதைவிடக் குட்டையாக வருபவை. பிரைமருக்குள் கலவை உதிர்ந்ததைக் கண்டுபிடிக்கத்தான் வெளியிலிருந்து வழியில்லை. ஏற்றங்களை எண்ணுவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ரிவால்வரின் கதை வேறு. அதன் சுழல் அறையில் தோட்டா கையால் செருகப்படுகிறது. சரிவில் மோதல் இல்லை. விளிம்புள்ள தோட்டா என்பதால் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடித்துப் பூட்டவும் முடிகிறது. இதற்கு எதிர்த்திசையில் ஒரு குறை உண்டு: மிக இலேசான ரிவால்வர்களில், சுடும்போது எழும் பின்னுதைப்பால் மற்ற அறைகளில் இருக்கும் குண்டுகள் முன்னோக்கி நழுவிச் சுழற்சியையே தடுக்கலாம். சுடாமல் வெறுமே ஏந்துவதால் இது நேராது. ஆகவே ரிவால்வரில் களிம்பும் எண்ணெயுமே எஞ்சும் கவலைகள்.

இந்தியாவில் உரிமம் பெற்றுத் தற்காப்பு ஆயுதம் வைத்திருப்போருக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்துகிறது. 9 மி.மீ., .38 போன்றவை இங்கு குடிமக்களுக்குத் தடைசெய்த வகைகள், அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் அவர்களிடையே பரவலாக உள்ளது. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டில் எத்தனை வாங்கலாம் என்பவை உரிமத்திலேயே எழுதப்படுகின்றன. அமெரிக்க விதியை அப்படியே பின்பற்றினால் ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு பகுதி மாற்றத்துக்கே செலவாகி, பயிற்சிக்குக் குறைந்துவிடும். பயிற்சியே இல்லாத கையில் புதிய தோட்டா இருந்து பயன் சிறிது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கமும் இங்குண்டு. வாரக்கணக்கில் அங்கிருந்து திரும்பும்போது தோட்டாக்களைக் களிம்புக்கும் எண்ணெய்க்கும் சோதித்துக்கொள்வது நாட்காட்டியைப் பார்ப்பதைவிடப் பொருத்தமானது.

நாட்காட்டி விதியை ஆதரிப்போருக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை எளிதில் தள்ள முடியாது. பெரும்பாலோர் ஏற்றங்களை எண்ண மாட்டார்கள். தேதியை நினைவு வைப்பார்கள். ஒரு பெட்டித் தோட்டாவின் விலை, ஆயுதத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. அதோடு, ஏந்திய தோட்டாக்களை ஆண்டில் ஒருநாள் சுடுகளத்தில் சுட்டுத் தீர்ப்பது துப்பாக்கி, மேகசின், தோட்டா, சுடுபவர் ஆகிய நான்கையும் சேர்த்துச் சோதிக்கிறது. இந்தச் சோதனையே அவ்விதியின் உண்மையான மதிப்பு. எனவே ஆண்டு என்பதை உச்சவரம்பாகக் கொண்டு, அதற்குள் ஓரிரு முறைக்கு மேல் ஏற்றம், நனைதல், எண்ணெய், கடும் வெப்பம் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அப்போதே மாற்றுவது தானியங்கிக் கைத்துப்பாக்கிக்குப் பொருத்தமான முறை. உலர்ந்த சூழலில் இருக்கும் ரிவால்வருக்கு, கண்ணால் கண்டு துடைத்து வந்தால், இந்த உச்சவரம்பையும் தளர்த்தலாம். புதிய தொகுதியை நிரப்புமுன் அதிலிருந்து சிலவற்றைச் சுட்டுப் பார்ப்பதும் இம்முறையின் பகுதி. ஆலைக் குறை புதிய தோட்டாவிலும் இருக்கலாம்.

விலக்கிய தோட்டாக்களை இருவகையாகப் பிரிக்க வேண்டும். வயது மட்டுமே ஆனவை பயிற்சிக்கு உதவும். குண்டு உள்வாங்கியவை, கூடு பிளந்தவை, ஆழமாகக் களிம்பு பிடித்தவை சுடத்தக்கவை அல்ல. அவற்றைப் பிரித்து மருந்தெடுப்பதும், புதைப்பதும், எரிப்பதும், குப்பையில் எறிவதும் ஆபத்தானவை. உரிமம் பெற்ற வணிகரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து, இந்தியாவில் எனில் எண்ணிக்கையைப் பதிவு செய்து கொள்வதே முறை.