மரமும் வலையும்: பக்கம் கோப்புறையான வரலாறு

கணினி வரலாற்றில் 1965ஆம் ஆண்டுக்கு விந்தையான பொருத்தம் ஒன்று உண்டு. மல்ட்டிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்காக டேலி, நியூமன் ஆகிய இருவர் அவ்வாண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை அளித்தனர். கோப்புகளை உறைக்குள் உறையாக, வேரும் கிளையும் கொண்ட மரம்போல் அடுக்கும் முறையை அது வகுத்துரைத்தது. அதே ஆண்டில் டெட் நெல்சன் மற்றொரு கட்டுரையில், ஓரிடத்திலிருந்து பல இடங்களுக்குத் தாவும் எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' எனப் பெயரிட்டார். நாம் அதனை மீயுரை என்கிறோம். எழுதியதை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே இருவகையாரின் கேள்வியும். ஒரு கட்டுரை மரம் என்றது. மற்றது வலை என்றது.

மரமுறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் 3 அதிகாரம், அதிகாரத்துக்கு 9 இயல், இயலுக்குள் நூற்பா என்றே நிற்கிறது. அதிகாரமும் இயலும் எண்ணும் தெரிந்தால் நூற்பாவை எடுத்துவிடலாம். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், இத்தகைய முகவரியைச் சாய்கோடுகளால் எழுதியது. அச்சுப்பொறி போன்ற கருவிகளையும் அது கோப்பாகவே காட்டியது. 1984இல் டாம் கில்லியன், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களையே கோப்புகளாக்கினார். 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட 'பிளான் 9' இயங்குதளம், திரைச் சாளரங்களையும் வலையமைப்பையும் அவ்வாறே ஆக்கியது.

1989இல் செர்ன் ஆய்வகத்தில் தம் முன்மொழிவை எழுதிய டிம் பெர்னர்ஸ்-லீ, மரத்தின் குறையைத் தனிப் பகுதியாகவே விளக்கினார். மெய்யுலகின் உறவுகள் கிளைகளுக்குள் அடங்கா என்பது அவர் வாதம். ஆயினும் அவர் படைத்த வலையின் முகவரியில் யூனிக்ஸின் சாய்கோடே வந்தமர்ந்தது. பக்கத்தின் உள்ளேயும் மரமே முளைத்தது: உடலுக்குள் பத்தி, பத்திக்குள் இணைப்பு. 1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட 'ஆவணப் பொருள் மாதிரி' அம்மரத்துக்கு இலக்கணம் வகுத்தது. 1999இல் வந்த எக்ஸ்பாத், பக்கத்தின் எந்தக் கிளையையும் கோப்பின் முகவரி போலவே சாய்கோடிட்டுச் சுட்டியது. பக்கங்களுக்கிடையே வலை, பக்கத்துக்குள் மரம்.

அவ்வாறாயின் பக்கத்தை அப்படியே கோப்புறையாக்கிவிடலாமே? மூன்று இடையூறுகள் உள்ளன. ஓர் உறைக்குள் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருத்தல் ஆகாது. பக்கத்திலோ பத்து பத்திகளுக்கும் ஒரே பெயர். கோப்பு என்பது உறையாகவோ உள்ளடக்கமாகவோ ஏதேனும் ஒன்றாகவே இருக்கும். பத்தியோ சொற்களையும் கிளைகளையும் கலந்தே சுமக்கும். மூன்றாவதுதான் நம்போன்ற வாசகர்க்கு முதன்மையானது. உறைக்குள் கிடக்கும் கோப்புகளுக்கு முன்பின் என்னும் முறை கிடையாது. வரிசை இழந்த எழுத்து, கயிறு அவிழ்ந்த ஓலைச்சுவடிதான். ஏட்டில் எண்ணிட்டுக் கட்டிய நம் முன்னோரைப் போல, கிளைகளுக்கும் எண்ணிட்டே இக்குறையை ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

2021இல் ஓமர் ரிஸ்வான் வெளியிட்ட டேப்எஃப்எஸ் என்னும் மென்பொருள் எளிய வழியொன்றைக் காட்டியது. உலாவியில் திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கமும் அதில் ஓர் உறை. தலைப்பு ஒரு கோப்பு, முகவரி ஒரு கோப்பு, உரை ஒரு கோப்பு. உறையை நீக்கினால் பக்கமே மூடிக்கொள்ளும். பக்கத்தின் முழு மரத்தையும் பெயர்த்து வைக்காமல், வாசகர்க்கு வேண்டியவற்றை மட்டும் அது கைக்கெட்டச் செய்தது.

இதனைத் தொழில்நுட்ப விளையாட்டு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. தொடக்கக் காலப் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் எழுத்து கண்முன் கிடந்தது. இன்று பல பக்கங்களின் மூலத்தில் வெற்றுச் சட்டமே இருக்கிறது. நிரல் ஓடிய பின்னரே எழுத்து தோன்றுகிறது. காட்டுபவர் காட்டும் வரையில்தான் நாம் காண்கிறோம். கோப்பு அத்தன்மையதன்று. அதைத் தேடலாம், படியெடுக்கலாம், ஒப்பிடலாம், எடுத்துவைக்கலாம். அதற்கு ஆக்கியோரின் அனுமதி வேண்டியதில்லை. படியெடுத்தோர் கைகளாலேயே நம் நூல்கள் பிழைத்தன. நாளை பதிப்பிக்க வருபவர் கையில் இன்றைய பக்கங்களில் எத்தனை கோப்பாய் எஞ்சியிருக்கும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.